சம்பளம் பிடிக்காத சுற்றுலா

ஒரகடத்தில் எங்களுக்கு யாரும் எதையும் சும்மா கொடுத்ததில்லை. அதனால்தான் வேலை நாளில், சம்பளமும் பிடிக்காமல், பழங்காலக் கல்வட்டங்களைப் பார்க்கக் கூட்டிப்போகிறோம் என்று கம்பெனியில் சொன்னதும் எனக்குச் சந்தேகம் வந்தது.

நாங்கள் மாணவிகள். பகலில் கம்பெனி லைனில் வேலை, மாலையில் அங்கேயே டிப்ளமோ வகுப்பு. கடைசிப் பரீட்சை மட்டும் பாக்கி. எங்கள் கம்பெனியில் ஆளைக் குறைத்தால் முகத்துக்கு நேரே சொல்லமாட்டார்கள். கேட்டில் கார்டை வைத்தால் சிவப்பு விளக்கு எரியும், அவ்வளவுதான். முந்தைய பேட்ச் பொங்கல் லீவு முடிந்து திரும்பியபோது அப்படித்தான் தெரிந்துகொண்டது. எங்களையும் வெளியே அனுப்பிவிட்டுக் கார்டை முடக்கப் போகிறார்கள் என்று கேட்டுக்குள்ளேயே இருக்கிற ஹாஸ்டல் முழுக்க அதே பேச்சு.

ஆகவே சுற்றுலாவுக்கு நாங்கள் மார்க் ஷீட்டும் டி.சி.யும் எடுத்துப் போனோம். தின்பண்டம் எடுக்க ஒருத்திக்கும் தோன்றவில்லை.

கூட்டிப்போனவர் எங்கள் வகுப்பு மேடம். புதுச் சுடிதார் போட்டு வந்திருந்தார். "ரொம்ப நாளா கேட்டுக்கினே இருந்தேன். இப்பதான் ஆபீஸ்ல அவங்களே தேதி குடுத்தாங்க" என்றார் பஸ்ஸில். அந்த 'அவங்களே'யை நான் பிடித்துக்கொண்டேன். பக்கத்து சீட்டில் இருந்த திருநெல்வேலிக்காரி என் தொடையைக் கிள்ளினாள். இவ்வளவு சிரிக்கிற ஆளை நம்பக் கூடாது என்று முடிவுகட்டினேன்.

வல்லக்கோட்டை தாண்டி, ஒரு ஏரிக்கரைப் பொட்டலில் இறங்கினோம். முட்புதர்களுக்கு நடுவே பாறைகள் வட்டமாகப் புதைந்திருந்தன.

"இன்னா மேடம், இத்த பாக்கவா வந்தீங்க? வெறும் கல்லுதான கீது" என்றார் டிரைவர்.

"அந்தக் காலத்து ஜனங்களோட கல்லறைங்க. இந்த வட்டத்துக்குக் கீழதான் ஆளைப் பொதைச்சிருக்காங்க" என்றார் மேடம்.

"ஏட்டி, சுடுகாட்டுக்கா கூட்டிட்டு வந்திருக்காவ?" என்று என் காதில் கேட்டாள் திருநெல்வேலிக்காரி.

மேடம் ஒவ்வொரு கல்லாகத் தொட்டுக் காட்டி விளக்கினார். நாங்கள் பஸ் நகர்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தோம். போட்டோவுக்கு நிற்கும்போது பைகளைக் கீழே வைக்கச் சொன்னார். யாரும் வைக்கவில்லை. "அப்படி இன்னாதான் வச்சிருக்கீங்க?" என்று சிரித்துக்கொண்டே என் பையைத் திறந்தார். பிளாஸ்டிக் கவருக்குள் டி.சி.

அவர் சிரிப்பு நின்றுவிட்டது. "என்னையுமா சந்தேகப்படறீங்க?" என்றார்.

நான் கவரை வாங்கி மறுபடி பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தேன். அதற்குப் பிறகும் அவர் வீட்டில் செய்து கொண்டுவந்த எலுமிச்சை சாதத்தை அவரே பரிமாறினார். எனக்கு ருசியே தெரியவில்லை.

சாயங்காலம் கேட்டில் வரிசையாக நின்றோம். நான் கார்டை வைத்தேன். பச்சை. அடுத்தவளுக்கும் பச்சை. எல்லோரும் உள்ளே வந்துவிட்டோம். கடைசியாக மேடம் வைத்தார். சிவப்பு. கார்டைத் துப்பட்டாவில் துடைத்து மறுபடி வைத்தார். மறுபடியும் சிவப்பு.

"கொஞ்சம் ஓரமா நில்லுங்க மேடம், ஆபீஸ்லேர்ந்து மெயில் வந்துகீது" என்றார் செக்யூரிட்டி.

எங்கள் சந்தேகம் சரியாகத்தான் இருந்தது, ஆள்தான் வேறு. மேடம் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று எங்களையே பார்த்தார்.

"நீங்க போங்கம்மா, மெஸ்ஸை மூடிடுவாங்க" என்றார்.

எனக்கு முதலில் வந்தது நிம்மதிதான். நாங்கள் போய்ச் சாப்பிட்டோம்.