மெல்பர்ன் கல்லூரிக்காக விழுப்புரத்தில் ஒரு மனு

அந்தக் கறுப்பு ரெக்சின் பைக்கு ஜிப் எப்போதோ பிய்ந்துவிட்டது. பெரியப்பா அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் நின்றதை நான் பார்க்கவில்லை. அப்போது நான் மெல்பர்னில் இருந்தேன். "உன் விஷயமா பெரியப்பா கலெக்டர் ஆபீசுக்குப் போய்க்கினு இருக்காருடா" என்று அப்பா போனில் சொன்னபோது தலையில் அடித்துக்கொண்டேன்.

கூட்டேரிப்பட்டுப் பக்கம் எங்களுக்கிருந்த வேர்க்கடலை நிலத்தை, அந்த மல்லாட்டைக் கொல்லையை விற்றுத்தான் அப்பா என் ஒரு வருடக் கட்டணத்தை முன்கூட்டியே கட்டியிருந்தார். சில மாதங்களிலேயே, ஒரு நாள் வகுப்புக்குப் போனால் கல்லூரிக் கதவில் பூட்டு. முதலாளி திவால். என் பக்கத்தில் நின்ற பஞ்சாபிப் பையன் வாசலிலேயே உட்கார்ந்து அழுதான். எனக்குக் கொல்லைதான் கண்முன் வந்தது. நல்லவேளை, அந்த நாட்டில் இதற்கென்றே ஒரு சட்டம் இருந்தது. வெளிநாட்டு மாணவர்கள் முன்பணமாகக் கட்டிய கட்டணம் கல்லூரியோடு மூழ்கக் கூடாது. மீதிப் படிப்புக்கு வேறு கல்லூரியில் இடம் தர வேண்டும், இல்லையென்றால் பணத்தைத் திருப்பித் தர வேண்டும். எது வேண்டுமென்று குறிப்பிட்ட தேதிக்குள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் போதும்.

அதைத்தான் பெரியப்பா போடவிடவில்லை. தாலுகா ஆபீசில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். அவரைக் கேட்காமல் அப்பா மாட்டுக்குத் தவிடுகூட வாங்கமாட்டார். "கையெழுத்து கேக்குறானா? போட்டுடாத. அதக் காட்டியே கைய விரிச்சிடுவான். மொதல்ல ஆர்டர் வரட்டும்" என்றார். சட்டம் இருக்கிறது பெரியப்பா என்றால், "எந்த ஊர்லடா கவர்மெண்டு தானா கூப்பிட்டுக் குடுக்கும்? நேர்ல போயி நின்னாத்தான் நடக்கும்" என்று போனை வைத்துவிடுவார். கெடு தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. அவரோ திங்கள் தவறாமல் விழுப்புரம் குறைதீர் கூட்டத்துக்குப் போய், மெல்பர்ன் கல்லூரிமீது நடவடிக்கை கோரி மனு கொடுத்துக்கொண்டிருந்தார்! அங்கே இருந்தவர்கள் சிரிக்காமல் வாங்கிக்கொண்டு, "சம்பந்தப்பட்ட துறைக்கு அனுப்புறோம்ங்க" என்றார்களாம்.

கடைசி நாளன்று யாரிடமும் சொல்லாமல் கையெழுத்துப் போட்டேன். சில வாரங்களில் வேறு கல்லூரியில் இடம் கிடைத்தது, கூடுதலாக ஒரு காசு கேட்கவில்லை. ஊரில் என்னடாவென்றால், மனு வேலை செய்துவிட்டதென்று பெரியப்பா தெருவெல்லாம் சொல்லியாகிவிட்டது. படிப்பு முடிந்து ஊருக்கே திரும்பி வந்தபோது சண்டையே போட்டேன். "சட்டம் இருந்துச்சு, சரி. அதத் தட்டி எழுப்புனது யாரு?" என்றார். என் கல்யாணத்தில் பெண் வீட்டாரிடமும் இதையே சொன்னார். சாகும்வரை சொன்னார். பேஜார் பிடித்த மனுஷன்.

இந்தப் பொங்கல் முடிந்து என் அக்கா மகள் விழுப்புரத்துக்குப் போனால், அவள் படித்த பயிற்சி மையத்தில் ஷட்டர் இறங்கிக் கிடக்கிறது. டாக்டர் கனவுக்காக இரண்டு வருடப் பணத்தையும் அக்கா மொத்தமாகக் கட்டியிருந்தாள், நகையை வைத்து. நடத்தியவன் போனை எடுக்கவில்லை. வக்கீல், கேஸ் போடலாம், வருஷக்கணக்கில் ஆகும் என்றார். "நீ அங்க எழுதிக் குடுத்து வாங்குனியே, அதே மாதிரி இங்கயும் வாங்கிக் குடுடா" என்றாள் அக்கா. யாருக்கு எழுதுவது? எதில் கையெழுத்துப் போடுவது? எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. எங்கிருந்தோ போன திண்டிவனத்துப் பையனின் காசை அந்நிய நாட்டுச் சட்டம் காப்பாற்றியது. சொந்த ஊரில் இந்தப் பெண்ணின் காசைக் கேட்க நாதியில்லை.

போன திங்களன்று பரணிலிருந்து அந்த ரெக்சின் பையை எடுத்துத் துடைத்தேன். விக்கிரவாண்டி டோல்கேட்டில் பஸ் நின்றபோது இறங்கித் திரும்பிவிடலாமா என்றுகூட இருந்தது. விழுப்புரத்தில் மனு கொடுக்க நீண்ட வரிசை. மேசையிலிருந்த பெண் என் மனுவை முழுக்கப் படித்தார், சிரிக்கவில்லை.

"சம்பந்தப்பட்ட துறைக்கு அனுப்புறோம்ங்க."

"எந்தத் துறைங்க அது?" என்றேன்.

அவர் இன்னொரு தரம் மனுவைப் பார்த்தார். "அதத்தாங்க பாக்கணும். அடுத்த வாரம் வந்து கேளுங்க."

பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெளியே வந்தேன். அடுத்த திங்களும் போகவேண்டும்.