கனம் கூடிய குடம்

சண்டைக் காலத்தில் மன்னார்த் தீவில் நான் மண்பாண்டம் செய்யப் படிப்பித்தேன். இடம்பெயர்ந்து வந்த பெண்களுக்கென்று ஒரு தொண்டு நிறுவனம் தேவாலய வளவில் மண்டபமொன்றை எடுத்து, வாசலில் ‘சமூகக் களிமண் கலைக்கூடம்’ என்று பலகை மாட்டியிருந்தது. நெடுங்காலமாக அந்தப் பலகைதான் எங்களிடம் இருந்த நேர்த்தியான பொருள்.

மண் கட்டுக்கரைக் குளத்திலிருந்து லொறியில் வரும். வழியிலுள்ள சோதனைச் சாவடிகளில் எல்லாம் ஆமிக்காரர் அதற்குள் கம்பி விட்டுக் கிண்டுவார்கள். மண்ணைப் பதப்படுத்துகிற வேலையில் பாதி அதிலேயே முடிந்துவிடும். சூளை மூட்ட ஆமி முகாமில் அனுமதி எடுக்க வேண்டும். புகை வந்தால் சுடுவோம் என்று முதலில் சொன்னார்கள். பொறுப்பதிகாரிக்கு ஒரு பூச்சாடி கொடுத்த பிறகு, புகையால் ஒன்றுமில்லை என்றார்கள்.

மாணவிகள் ஆளுக்கொரு விதம். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவர்கள் சக்கரம் கோணல் என்றார்கள். ஒருத்தி மாதா சுரூபம் மட்டுமே செய்வாள். எல்லா மாதாவும் அவளுடைய மாமியாரின் சாடையில், கோபமாக இருப்பார்கள்.

ஒருத்திக்கு மட்டும் கை வந்திருந்தது. முருங்கன் பக்கத்து வயல்காரி. அவள் இழுத்த பானையின் சுவர் அப்பளம் போல மெல்லியதாக, எங்கும் ஒரே சீராக இருக்கும். நகத்தால் சுண்டினால் மணிபோலக் கேட்கும். அவளைப் பார்த்துப் பழகுங்கோ என்று நான் சொல்லிச் சொல்லியே மற்றவர்களுக்கு அவளைப் பிடிக்காமல் போனது.

அவளுடைய புருஷன் விதைநெல் வாங்க முருங்கனுக்குச் சைக்கிளில் போனவன், வரவில்லை. சைக்கிளும் வரவில்லை. அவனைத் தேடி அரச கந்தோர் கந்தோராக ஏறி இறங்கினாள். எல்லா இடத்திலும் கதிரை போட்டு இருத்தினார்கள், பிறகு எழும்பச் சொன்னார்கள்.

ஒரு நாள் புருஷனுடைய தமையன் கலைக்கூடத்துக்கு வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு என்னிடம் வந்து, மெதுவாகச் சொன்னார்.

“ரீச்சர், ஒரு கொள்ளிக்குடம் வேணும். கடையளில பானை வாறேல்ல.”

“ஆருக்கு?”

“தம்பிக்கு.”

அந்தப் பக்கம் அவளுடைய சக்கரம் நின்றது.

“கனவில வாறான், ரீச்சர். பசிக்குது எண்டுறான். கிரியை செய்யாட்டில் அலைஞ்சு கொண்டெல்லோ இருப்பான்.” சால்வையால் முகத்தைத் துடைத்தார். நடிக்கத் தெரிந்த மனிதரில்லை அவர்.

கிரியை முடிந்தால் அவள் தாலியைக் கழற்ற வேண்டும், பொட்டை அழிக்க வேண்டும். அவளோ அவன் உயிரோடு இருக்கிறான் என்று நம்பிக்கொண்டிருந்தாள். ஆனால் மூத்தவரை எதிர்த்துப் பேசி அவளுக்குப் பழக்கமில்லை. தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்:

“குடத்தை நான் செய்யிறன்.”

செய்தாள். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு குடத்துக்கு எடுக்கிற மண்ணைப்போல மூன்று மடங்கு எடுத்தாள். சுவர் என் பெருவிரல் தடிப்பில் எழும்பியது. அடி அதைவிட மோசம்.

“கனம் கூடிப்போச்சு, பிள்ளை” என்றேன்.

“ஓம், ரீச்சர்” என்றாள். குறைக்கவில்லை. நானும் பிறகு வாய் திறக்கவில்லை.

தடித்த பாண்டம் உள்ளே ஈரத்தோடு சூளைக்குப் போனால் வெடித்துவிடும். அதுவோ மாரிகாலம். மண்டபத்து மூலையில் குடத்தை வைத்து, நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி வைப்பாள். தமையன் அடிக்கடி வந்து எட்டிப் பார்ப்பார். காய்ஞ்சுதோ என்பார். காயவில்லை என்போம். மழையைத் திட்டிக்கொண்டு போவார். மழை விட்டபின் பனைமட்டையும் உமியும் போட்டுச் சுட்டோம். வெடிக்கவில்லை. சுண்டிப் பார்த்தேன். மணிச் சத்தம் இல்லை, கருங்கல்லைத் தட்டியது போல இருந்தது.

கிரியை கடற்கரையில் நடந்தது. பெண்கள் சுடலைக்குப் போவதில்லை. ஆனால் இது சுடலையில்லை, பிணமும் இல்லை. எங்களை எந்த விதியால் தடுப்பது என்று யாருக்கும் தெரியாததால் நாங்களும் போனோம். தர்ப்பையால் ஓர் ஆளுருவம் செய்து கிடத்தியிருந்தார்கள்.

தமையன் தண்ணீர் நிறைந்த குடத்தைத் தோளில் ஏற்றினார். அந்தக் கனத்தில் ஒருபக்கம் சரிந்தே நடந்தார். ஒவ்வொரு சுற்றுக்கும் குடத்தில் ஒரு துளை கொத்த வேண்டும். தண்ணீர் ஒழுக வேண்டும். கிரியை செய்விக்க வந்தவர் கத்தியால் கொத்தினார். துளை விழவில்லை. கத்தியைத் திருப்பி அடித்தார். கத்திதான் மழுங்கியது. மூன்று சுற்றும் முடிந்தது, ஒரு சொட்டும் ஒழுகவில்லை. சரி, போடுங்கோ என்றார் அவர்.

போடுகிறவர் திரும்பிப் பார்க்கக் கூடாது. தமையன் கடலைப் பார்த்தபடி குடத்தைப் பின்னால் விட்டார். மன்னார் மணல். தொம்மென்று விழுந்த குடம் ஒருதரம் ஆடிவிட்டு நிமிர்ந்து இருந்தது.

“உடைஞ்சுதோ?” என்று கடலைப் பார்த்துக் கேட்டார்.

எல்லோரும் குடத்தையே பார்த்தார்கள்.

“உடைஞ்சுதோ எண்டு கேக்கிறன்.”

“இல்லை” என்றாள் அவள். எதிர்த்துப் பேசத் தெரியாதவளின் குரல் கடற்கரை முழுவதும் கேட்டது.

குடம் உடையாமல் கிரியை முடியாது என்று செய்விக்க வந்தவர் கையை விரித்தார். அவள் போய் மணலைத் தட்டிவிட்டு, குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள். கழுத்தில் தாலி இருந்தது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. கிரியை நடக்கிற இடமென்றபடியால் அழுகையை மட்டும் வெளியே விட்டேன்.

அடுத்த கிழமை தமையன் மறுபடி வந்தார்.

“வேற குடம் ஒண்டு செய்து தருவியளோ, ரீச்சர்?”

“மண் முடிஞ்சுது” என்றேன்.

என் முதுகுக்குப் பின்னால் ஈரச் சாக்குப் போட்டு மூடிய மண், இடுப்பளவு உயரத்துக்குக் கிடந்தது. அவர் அதைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

“ஓம்” என்றார். “முடிஞ்சுதான் போச்சு.” செருப்பைப் போட்டுக்கொண்டு போனார். பிறகு அவர் குடம் கேட்டு வரவில்லை.

வெயில் காலத்தில் அவள் குடியிருந்த கொட்டிலுக்குப் போனேன். வாசலோடு மணலில் அந்தக் குடம், மேலே மூடி, மூடிக்கு மேலே தண்ணீர் குடிக்க ஒரு தகரப் பேணி. எனக்கு வார்த்துத் தந்தாள். தண்ணீர் வெந்நீராக இருந்தது. படிப்பிக்கிறவளின் வாய் சும்மா இருக்காதே.

“இவ்வளவு தடிப்பா இருந்தாத் தண்ணி குளிராது, பிள்ளை. மெல்லிசா வேறயொண்டு செய்யன்.”

அவள் பேணியை வாங்கிக் குடத்தின் மேல் கவிழ்த்து வைத்தாள்.

“குளிரத் தேவையில்லை, ரீச்சர். அவர் வரும்வரைக்கும் இருந்தாப் போதும்.”