டீசலுக்கு நாலு கை ஈரல்

போன வாரம் என் மகள் தன் நாய்க்குட்டிக்காக ஒரு பொட்டலம் வரவழைத்திருந்தாள். பளபளப்பான உறை, முன்பக்கத்தில் சிரிக்கிற நாய் ஒன்றின் படம். உள்ளே உலர்த்திய ஆட்டீரல், சின்னச் சின்னச் சதுரங்களாக. கத்தரிக்கோலால் மூலையை வெட்டியதும் ஒரு வாசனை வந்தது பாருங்கள், சேலத்தில் மூன்றாவது மாடியில் நின்றுகொண்டிருந்த நான் நேராக நாமக்கல்லில் ஒரு மாடிப்படியின் உச்சியில் போய் நின்றேன். ஈரலின் வாசனையை நறுமணம் என்று சொல்லமாட்டேன். இரும்புச் சட்டியையும் மழைத்தண்ணீரையும் ஒன்றாகச் சூடுபடுத்தினால் எப்படியோ அப்படி. பிடிக்காதவர்கள் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். எனக்கு அது முதல் வேலைக்குப் போன நாட்களின் வாசனை.

உறையின் பின்பக்கத்தில், அளவோடு கொடுக்கவும் என்று பொடி எழுத்தில் போட்டிருந்தது. மகள் அதைப் படிக்கவில்லை. நான் இரண்டு முறை படித்தேன். ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் சுற்றித்தான் வரவேண்டும்.

நான் ஆத்தூர்ப் பக்கத்துக்காரி. படிப்பு முடிந்த கையோடு நாமக்கல்லில் ஒரு கோழித்தீவன ஆய்வகத்தில் வேலை கிடைத்தது. பண்ணைக்காரர்கள் கொண்டுவருகிற தீவனத்தை அரைத்து, சலித்து, அதில் புரதம் போதுமா, ஈரம் கூடுதலா, பூஞ்சை நஞ்சு ஏறியிருக்கிறதா என்று பார்த்துச் சொல்லவேண்டும். மக்காச்சோளம், சோயாப் புண்ணாக்கு எல்லாம் சாதுவான சரக்குகள். கருவாட்டுத்தூள்தான் பொல்லாதது. எத்தனை முறை சோப்புப் போட்டாலும் தலைமுடியிலிருந்து போகாது. சாயங்காலம் பேருந்தில் என் பக்கத்து இருக்கை எப்போதும் காலியாக இருக்கும். படித்த பெண் என்று மரியாதை தருகிறார்கள் என்றே கொஞ்ச நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வாசனையை மனதார விரும்பியவன் ஊரிலேயே ஒருவன்தான். அவன் பெயர் டீசல்.

நான் குடியிருந்த மாடி அறைக்குக் கீழே வீட்டுக்காரர் நாச்சிமுத்தண்ணனும் அவர் மனைவி பாவாயி அக்காவும் இருந்தார்கள். அண்ணன் வடக்கே லாரி ஓட்டிய மனிதர், முட்டிவலி வந்து வீட்டோடு தங்கிவிட்டவர். டீசல் குட்டியாக இருந்தபோது எங்கோ ஒரு சுங்கச்சாவடியில் லாரியின் டீசல் டேங்கை ஒட்டிப் படுத்திருந்தானாம். எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். செம்மண் நிறம், ஒரு காது நிமிர்ந்தும் ஒரு காது மடங்கியும் இருக்கும். பாவாயி அக்கா வாசலில் நின்று "டீசலு! டீசலேய்!" என்று கூப்பிட்டால், தெருவில் போகிற லாரிக்காரர்கள் வண்டியை நிறுத்தி, ஏதாவது ஒழுகுகிறதா என்று குனிந்து பார்ப்பார்கள். மிகையில்லை, நானே இரண்டு தடவை பார்த்திருக்கிறேன்.

நான் பெட்டியோடு போய் இறங்கிய முதல் நாளே டீசல் என் செருப்பிலிருந்து முழங்கை வரை முகர்ந்துவிட்டுக் கூடவே மாடியேறி வந்துவிட்டான். புது ஊர், தெரிந்த முகம் ஒன்றுகூடக் கிடையாது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவன் நேசித்தது என்னையல்ல, கருவாட்டுத்தூளை என்பது பின்னால்தான் புரிந்தது. ஆனால் அதற்குள் நான் அவனிடம் மனதைக் கொடுத்துவிட்டிருந்தேன். திருப்பி வாங்கவா முடியும்?

"டீசலு எங்கூட்டுச் சோத்தத் தவுர வேற கை சோறு தொடமாட்டான் சாமி," என்று பாவாயி அக்கா பெருமையாகச் சொல்வார். நானும் தலையாட்டுவேன். ஆட்டிவிட்டு, வேலை முடிந்து வரும் வழியில் கொஞ்சம் ஈரல் வாங்கிவருவேன். மின்சார அடுப்பில் வேகவைத்து, மேலே நிறம் மாறுகிற வரைக்கும்கூடப் பொறுக்காமல் இறக்கிவிடுவேன். அவன் வாலாட்டுகிற வேகத்தைப் பார்த்தால் உங்களுக்கும் பொறுமை இருந்திருக்காது. அக்காவின் மனம் நோகக்கூடாதே என்று சன்னலைச் சாத்திக்கொண்டுதான் இத்தனையும். தினமும், ஞாயிறு உட்பட.

இப்படி ஒரு வருடத்துக்கும் மேல் ஓடியது. பிறகு ஒருநாள் டீசல் மாடிக்கு வரவில்லை. எட்டிப் பார்த்தேன். முதல் படியில் முன்காலை வைத்து, யோசித்து, எடுத்துவிட்டான். கூப்பிட்டால் தலையை மட்டும் திருப்ப அவனால் முடியவில்லை. நீளமான டிரெய்லர் லாரி சந்துக்குள் திரும்புகிற மாதிரி, உடம்பு மொத்தத்தையும் ஒரு வட்டம் அடித்துத் திருப்பினான். தடவினால் கை நிறைய முடி வந்தது.

"ஸ்டேரிங் டைட்டாயிருச்சு அம்மிணி," என்றார் நாச்சிமுத்தண்ணன். சிரிக்கவைக்கத்தான் சொன்னார். ஆனால் அவரே சிரிக்கவில்லை. பாவாயி அக்கா, கண்ணுபட்டுவிட்டது என்று உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டார். எல்லோரும் இருமினோம், டீசல் உட்பட. நான் என்ன செய்தேன் தெரியுமா? உடம்பில் சத்து போதவில்லை என்று முடிவுகட்டி, ஈரலை இரண்டு பங்காக்கினேன்.

பத்து நாளில் அவன் தட்டுக்குக் குனியவே முடியாமல் முனகினான். அண்ணன் ஒரு ஆட்டோ பிடித்தார். மூவரும் அவனை ஒரு சாக்கில் வைத்து ஏந்திக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் போனோம். அந்த அம்மாவுக்கு என்னைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். கழுத்தைத் தொட்டுப் பார்த்தார், டீசல் அலறினான். எக்ஸ்ரே எடுத்தார்கள். படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார்.

"என்ன சாப்பிடறான்?"

"ஊட்டுச் சோறுதானுங்க. தயிரு ஊத்திப் பெசஞ்சு," என்றார் அக்கா.

"ஈரல் குடுக்கறீங்களா?"

மூவரும் ஆளுக்கொரு சுவரைப் பார்த்தோம். டீசலே கண்ணை மூடிக்கொண்டான். எனக்குக் காது சூடாகிவிட்டது. "நான் கொஞ்சம் குடுப்பேன் டாக்டர். சாயங்காலத்துல," என்றேன்.

பாவாயி அக்கா என்னை வெட்டுகிற மாதிரி பார்த்தார். அப்புறம் அவரே, "நானும் காலைல ரண்டு துண்டு வேவிச்சுப் போடுவனுங்க. புள்ளையாட்டம் பாக்கறானேன்னு," என்றார்.

"மத்தியானம்?" என்று மருத்துவர் கேட்டார். சும்மாதான் கேட்டிருக்கவேண்டும். நாச்சிமுத்தண்ணன் செருமினார். நான் அந்தச் செருமலை இன்றைக்கும் கேட்கிறேன்.

விஷயம் இதுதான். அண்ணனுக்கு ரத்தம் குறைவு, ஆட்டீரல் சாப்பிடச் சொல்லியிருந்தார்கள். பாவாயி அக்கா தினமும் சின்ன வெங்காயமும் மிளகும் போட்டு வறுத்து வைப்பார். அண்ணனுக்கோ ஈரல் என்றால் குமட்டும். மேசைக்குக் கீழே ஆள் இருந்தது. அவர் தட்டு தினமும் துடைத்த மாதிரி காலியாகும்.

"ஏனுங்க, அத்தனையும் நாய்க்கா போட்டீங்க? நான் கிழக்கால பாத்துக் கும்பிட்டுட்டு ஆக்கிப் போட்டனே!" என்று அக்கா கேட்டார். மருத்துவர் சிரிப்பை அடக்கக் குறிப்பேட்டைத் தூக்கி முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார்.

அப்புறம் பொறுமையாக விளக்கினார். ஈரல் நல்ல சாப்பாடுதான், ஆனால் வைட்டமின் ஏ அதில் கொட்டிக் கிடக்கிறது. மிஞ்சியது சிறுநீரில் போகாது, உடம்பிலேயே தங்கிவிடும். மாதக்கணக்கில் சேர்ந்தால் கழுத்தெலும்பில் முள்முள்ளாக வளர்ந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். வெங்காயம் நாய்க்கு நஞ்சு, ரத்தத்தையே கெடுத்துவிடும். "ரத்தம் ஊறட்டும்னு ஆக்கினது இவனுக்கு ரத்தத்தைக் குறைச்சிருக்கும்," என்றதும் அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார்.

கடைசியாக என்னைப் பார்த்து, "நீங்க எங்க வேலை பாக்கறீங்க?" என்று கேட்டார்.

பொய் சொல்லியிருக்கலாம். பழக்கமில்லை. "கோழித்தீவன ஆய்வகத்துல."

"கோழிக்கு வைட்டமின் எல்லாம் அளந்துதானே போடச் சொல்வீங்க?"

"ஆமா டாக்டர்."

"மில்லிகிராம் கணக்குல?"

"ஆமா டாக்டர்."

அவர் மருந்துச்சீட்டை எழுத ஆரம்பித்தார். இன்னும் கேட்டிருந்தால் தேவலை. கூடுதல் வைட்டமின் கோழியை என்ன செய்யும் என்று பண்ணைக்காரர்களுக்கு வாரம் இரண்டு முறை வகுப்பெடுக்கிறவள் நான். கோழிக்கு வந்த அறிவு நாய்க்கு வரவில்லை. கோழிகளை நான் நேசிக்கவில்லை, அதனால்தான் அவற்றுக்கு என் கையால் ஒரு கெடுதலும் நேரவில்லை என்று ஆட்டோவில் வரும்போது நினைத்துக்கொண்டேன்.

நாங்கள் கிளம்புவதற்கு முன் மருத்துவருக்கு இன்னொரு சந்தேகமும் மிச்சமிருந்தது. மூன்று பேர் கொடுத்ததைக் கூட்டினாலும் எக்ஸ்ரே அதற்கு மேல் சொல்கிறது என்றார். "வெளியில எங்கயாவது போறானா?" காலையில் ஒரு நடை போவான், எங்கே என்று எங்களுக்குத் தெரியாது. மறுநாள் மூவரும் பின்தொடர்ந்தோம். நோயாளி என்பதால் அவன் நடை ஊர்வலம் மாதிரிதான் இருந்தது. முன்னால் கழுத்து விறைத்த டீசல், பின்னால் முட்டியைப் பிடித்தபடி அண்ணன், அதற்குப் பின்னால் அக்காவும் நானும். பால்காரர், "சாமி ஊர்வலமுங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

தெருமுனையில் சரசக்காவின் பிராய்லர் கடை முன்னால் டீசல் நின்றான். உள்ளேயிருந்து குரல் வந்தது. "வந்துட்டியா மாணிக்கம்! நேத்து எங்கடா போனே?"

மாணிக்கம்! பாவாயி அக்காவின் முகத்தை நீங்கள் பார்த்திருக்கவேண்டும். சரசக்கா ஒரு கை நிறையப் பச்சைக் கோழியீரலோடு வெளியே வந்தவர் எங்களைப் பார்த்து நின்றார்.

"அது எங்க டீசலு," என்றார் அக்கா.

"இவனா? இவன் நம்ம கடை ஆளுங்க. ரண்டு வருசமா நித்தம் வாரான். கடையே இவன் மொகத்துல முழிச்சுத்தான் தொறக்கறது."

நான் விஷயத்தைச் சொன்னேன். கேட்கக் கேட்க சரசக்காவின் கை தானாகத் தாழ்ந்தது. ஈரலைத் தொட்டியில் போட்டுவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்து அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். "எங் கையாலயே உன்ற கழுத்த நெரிச்சுப் போட்டனாடா," என்றபோது குரல் உடைந்துவிட்டது. பாவாயி அக்காவுக்குக் கோபமெல்லாம் போன இடம் தெரியவில்லை. "நீ ஒருத்தியா, நாலு பேருஞ் சேந்துதான் பண்ணுனோம். அழுவாத," என்று முந்தானையை நீட்டினார்.

அன்றிலிருந்து ஈரல் அறவே கிடையாது. டீசல் மூன்று நாள் தயிர்சோற்றைத் திரும்பிப் பார்க்கவில்லை. அதாவது, வட்டம் அடித்துத் திரும்பிப் பார்க்கவில்லை. நாலாம் நாள் தோற்றுப்போய்ச் சாப்பிட்டான். தட்டைச் செங்கல் அடுக்கி உயரத்தில் வைத்தோம். பூச்சி மாத்திரை கொடுத்தோம், பச்சை உறுப்புக்கறி தின்றவன் வயிற்றில் என்னென்ன குடியிருக்குமோ என்று மருத்துவர் பயமுறுத்தியிருந்தார். ஆட்டின் ஈரலிலும் நுரையீரலிலும் நீர்க்கட்டி இருந்தால் நாய் கண்ணில்கூடக் காட்டாமல் எரித்துவிடச் சொன்னார். அதைத் தின்ற நாயின் வயிற்றில் வளர்கிற நாடாப்புழு மனிதருக்கும் நோய் கொண்டுவருமாம். சரசக்கா அதைக் கடைக்கு வருகிற எல்லோரிடமும் சொல்ல ஆரம்பித்தார். கறி வாங்க வந்தவர்கள் பலர் காய்கறிக் கடைக்குப் போனதாகக் கேள்வி.

நாச்சிமுத்தண்ணன் அன்றுமுதல் தன் பங்கு ஈரலைத் தானே தின்றார். அக்கா எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அவர் விழுங்குகிறாரா என்று தொண்டையைப் பார்ப்பார்.

மூன்று மாதத்துக்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். படியில் நகம் உரசும் சத்தம். ஒரு படி, நிறுத்தம், இன்னொரு படி. இறங்கிப்போய்த் தூக்கிவிடலாம் என்று கால் பரபரத்தது, போகவில்லை. ஈரத்துணியைப் பிடித்தபடி அப்படியே நின்றேன். பதினெட்டுப் படிகள். மேலே வந்து சேர்ந்தவன் என் கையை முகர்ந்துவிட்டு, கால்மேல் பொத்தென்று படுத்தான். அன்றைக்கு ஆய்வகம் விடுமுறை, கையில் சோப்பு வாசனைதான். என்னிடம்தான் வந்திருக்கிறான் என்று அப்போதுதான் நம்பினேன்.

கழுத்து முழுக்கச் சரியாகவில்லை. ஒட்டிய எலும்பு ஒட்டியதுதான். வலி மட்டும் போயிற்று. அதன் பிறகு மருத்துவரின் சம்மதத்தோடு கோழி இரைப்பையோ இதயமோ எப்போதாவது கொடுத்தோம். உப்பும் மசாலாவும் இல்லாமல், உள்ளே சிவப்பே தெரியாத அளவுக்கு வேகவைத்து. யார் கொடுப்பது என்பதற்கு முறைவைத்து, சரசக்கா உட்பட நால்வரும் ஒப்புக்கொண்ட நாட்கள் அக்காவின் சமையலறை நாட்காட்டியில் குறிக்கப்பட்டிருந்தன.

நான் கல்யாணமாகிச் சேலம் வந்து ஆறு வருடம் கழித்துப் பாவாயி அக்கா தொலைபேசியில் கூப்பிட்டார். வயதாகி, தூக்கத்திலேயே போய்விட்டானாம். எங்கே புதைப்பது என்று தெருவில் சண்டையாம். சரசக்கா தன் வீட்டுப் பின்பக்கம்தான் என்று நின்றிருக்கிறார், அண்ணன் முருங்கை மரத்தடியில் என்றிருக்கிறார். கடைசியில் தெருக்கோடியில் யாருக்கும் இல்லாத காலி மனையில் புதைத்தார்களாம். "எல்லாருக்கும் பொதுவா இருக்கட்டும்னு உட்டுட்டோம் சாமி," என்றார்.

சமீபத்தில் ஒரு கல்யாணத்துக்காக நாமக்கல் போனவள் அந்தத் தெருவுக்கும் போனேன். அண்ணன் இப்போது இல்லை, அக்கா ஈரோட்டில் மகனோடு இருக்கிறார். வீடு கைமாறி, மாடிப்படி இருந்த இடத்தில் மின்தூக்கி நிற்கிறது. சரசக்காவின் கடையில் கைபேசிக்கு உறை விற்கிறார்கள். காலி மனையில் நான்கு தளம் எழும்பிவிட்டது. தெரு நெடுகப் புதிய இரும்புக் கதவுகள், எல்லாம் சாத்தியிருந்தன. ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் ஒரு நாய் குரைத்தது. நல்ல சாப்பாடு சாப்பிட்ட குரல்கள்தான். நான் கடைசிவரை நடந்து திரும்பினேன். யாரென்று முகர்ந்து பார்க்க ஒன்றுகூட வெளியே வரவில்லை.