யாக்கோப்பு அண்ணை வெட்டிய பங்கர்

எங்கள் ஊர் கரம்பொன்னில் கோல்ஃப் என்றால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். பதினாறு வருடம் கனடாவில் ஒரு பொதுக் கோல்ஃப் மைதானத்தில் முதலில் புல் வெட்டியும், பிறகு புதியவர்களுக்கு ஆட்டம் பழக்கியும் பிழைத்தவள் நான். அப்பாவின் காணி சும்மா பற்றை மண்டிக் கிடந்தது. திரும்பி வந்து, அதில் மூன்றே மூன்று குழிகளுடன் ஒரு சின்ன மைதானம் போட்டேன். இந்த வெயிலில் புல்லைக் காப்பாற்ற எனக்கு உதவிக்கு வந்தவர் அல்லைப்பிட்டி யாக்கோப்பு அண்ணை.

ஐம்பத்தாறு வயது. வலை இழுத்து இழுத்துத் தோள்மூட்டு பழுதாகிக் கடலை விட்டவர். பேச்சு மிகக் குறைவு. பின்னேரங்களில் நான் பழக்குவதை ஒரு ஓரமாக நின்று பார்ப்பார். தொடக்கக்காரருக்கு முதலில் வேண்டியது தூர அடி இல்லை, குழிக்குக் கிட்ட நின்று பந்தை மெல்ல ஏற்றி உருள விடும் அடிதான். பாரத்தை இடது காலில் வை. பந்து வலது காலுக்குக் கிட்ட இருக்கட்டும். மணிக்கட்டை மடக்காதே. பந்தைத் தூக்கப் பார்க்காதே, அதை மட்டை பார்த்துக்கொள்ளும். நான் நூறு தரம் தொண்டை கிழியக் கத்தியும் வங்கியில் வேலை செய்யும் றஜீபனுக்கு மண்டையில் ஏறவில்லை. யாக்கோப்பு அண்ணை இரண்டு நாள் பார்த்தார். மூன்றாம் நாள் ஒரு மட்டையை வாங்கி, பத்துப் பந்தில் ஏழு பந்தைக் குழியடியில் கொண்டுபோய் வைத்தார்.

போன வைகாசியில் நான் கொழும்பில் நின்றபோது அவருக்குப் போன் எடுத்தேன்.

"அண்ணை, மூண்டாம் குழிக்குப் பக்கத்தில ஒரு பங்கர் வெட்ட வேணும். நான் வாறதுக்குள்ள ஏலுமோ?"

அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"எத்தினை பேருக்குத் தங்கச்சி?"

கோல்ஃபில் ஒரு தரத்துக்கு நாலு பேர் சேர்ந்து ஆடுவார்கள். அதைத்தான் கேட்கிறாராக்கும் என்று நினைத்தேன்.

"நாலு பேருக்கு."

"ஓம். வெட்டுறன்."

ஒரு கிழமை கழித்து வந்து பார்த்தேன். ஆளுயரத்துக்கு மேல் ஆழமான கிடங்கு. மேலே பனங்குத்திகள் அடுக்கி, அதன் மேல் உரப்பைகளில் மண் நிரப்பிப் போட்டிருந்தார். இறங்கப் படி, படி முடிந்ததும் ஷெல் துண்டு நேராக உள்ளே வராதபடி ஒரு வளைவு. நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேல் கோபம் வருகிறது. பத்து வயதுவரை ஷெல்லடிக்குப் பயந்து நானும் அப்படியொரு பங்கருக்குள் பதுங்கியிருந்தவள்தான். கனடா எனக்கு அந்தச் சொல்லின் பொருளையே மாற்றிவிட்டது.

கோல்ஃபில் பங்கர் என்றால் மணல் போட்ட ஆழமில்லாத பள்ளம், அவ்வளவுதான் என்று விளங்கப்படுத்தினேன்.

"அப்ப பிழை விட்டிட்டன்," என்றார். பிறகு, நான் கேளாமலே சொன்னார்.

தொண்ணூறாம் ஆண்டு அல்லைப்பிட்டியில் அவர் வெட்டிய பங்கர் சின்னது. மணல் பூமி, வெட்ட வெட்டச் சரிந்ததாம். ஷெல் வரத் தொடங்கியதும் அம்மாவும் மனைவியும் இறங்கினார்கள். கைக்குழந்தையோடு இவரும் இறங்கினார். தங்கச்சி ஜெயந்தாவுக்கு இடம் காணவில்லை. வாசலில் குந்தியிருந்தாள். ஷெல் வேலியடியில் விழுந்தது. அவளுக்குப் பத்தொன்பது வயது.

"இந்த முறை அகலமா வெட்டினனான்," என்றார். "நாலு பேரும் உள்ளுக்க இருக்கலாம்."

அடுத்த நாளே அவராகக் குத்திகளைக் கழற்றி, கிடங்கை முழங்கால் ஆழத்துக்கு மண் போட்டு நிரப்பி, மேலே மணல் பரப்பினார். நல்ல பங்கராகத்தான் வந்தது. ஆனால், வெட்டும்போது இறங்கியவர் அந்தக் கதையைச் சொன்ன பிறகு அதற்குள் இறங்கவே இல்லை. மணல் வாரும் றேக்குக்கு நீளக் கம்பு கட்டி, வெளியில் நின்றபடியே மணலைச் சமப்படுத்துவார். நான் கண்டும் காணாதது போல் இருந்தேன். அது கோழைத்தனம்.

ஆவணியில் முதல் போட்டி வைத்தோம். இரண்டு குழி முடிய யாக்கோப்பு அண்ணை றஜீபனைவிட ஒரு அடி குறைவாக அடித்து முன்னுக்கு நின்றார். மூன்றாவதில் அவருடைய முதல் அடி நேரே பங்கருக்குள் விழுந்தது.

விளிம்பில் போய் நின்றார். மட்டை மணலைத் தொடாமல் பிடிக்க வேண்டும், பந்தை விட்டு அதற்கு இரண்டு விரற்கடை பின்னால் மணலை அடிக்க வேண்டும், அடிக்கத் தொடங்கினால் பயந்து கையை நிறுத்தக் கூடாது. எல்லாம் அவருக்குத் தெரியும். கால்தான் வரவில்லை.

"இறங்கி அடியுங்கோ அண்ணை, ஏன் நிக்கிறியள்?" என்றான் றஜீபன். பார்க்க வந்தவர்களும் முணுமுணுத்தார்கள்.

நான் கிட்டப் போனேன்.

"இறங்கத்தான் வேணும் எண்டில்லை, அண்ணை. ஆடேலாத பந்து எண்டு சொல்லலாம். ரெண்டு அடி தண்டம். குழிக்கும் பந்துக்கும் நேர்க்கோட்டில, பங்கருக்கு வெளியில பின்னுக்கு வேற பந்தைப் போட்டு அடிக்கலாம்."

"ஏலாது எண்டு ஆர் தீர்மானிக்கிறது?"

"ஆடுறவர் மட்டும்தான்."

"காரணம் சொல்ல வேணுமோ?"

"இல்லை. ஒருத்தரும் கேக்கேலாது."

அவர் மணலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஏன் அவளை வெளியில விட்டனி எண்டு அம்மா சாகுமட்டும் கேட்டவ," என்றார் எனக்கு மட்டும் கேட்க. "கோயில்ல கேட்டவை. கலியாண வீட்டில கேட்டவை. முப்பத்திமூண்டு வரியம் தங்கச்சி."

பிறகு றஜீபன் பக்கம் திரும்பி, எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்.

"இது ஆடேலாது. ரெண்டு அடி தண்டம்."

முழங்கால் உயரத்திலிருந்து பந்தை விழ விட்டார். மெல்ல ஏற்றினார். பங்கரைத் தாண்டி விழுந்து, உருண்டு, குழிக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. அடுத்த அடியில் உள்ளே போனது. தண்டத்தோடு ஐந்து. றஜீபன் மூன்றில் முடித்து, ஒரு அடியால் வென்றான். நான் புள்ளி அட்டையில் எழுதும்போது அழுதேன், மறைக்கவில்லை.

றஜீபன் யாக்கோப்பு அண்ணையிடம் ஏதோ கேட்க வாயெடுத்தான். பிறகு கேட்காமல் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டான்.