மூங்கில் குழலும் என் வீட்டுக்காரரும்

என் வீட்டுக்காரர் நல்ல மனுஷர். அதுதான் பெரிய தொல்லை. கெட்டவராக இருந்தால் வாய் நிறையத் திட்டிவிட்டுப் போய்விடலாம்.

மகளின் பள்ளியில் அறிவியல் கண்காட்சி. நாலு பேர் முன்னால் வாயே திறக்காத பெண், எதையாவது செய்து கொடுத்தால் நின்று விளக்குகிறேன் என்று அவளாகவே சொன்னாள். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. காய்ந்த மூங்கிலை வெட்டி, நெட்டையிலிருந்து குட்டைவரை வரிசையாக ஊதுகுழல்கள் கட்டினோம். ஒவ்வொன்றின் அடியிலும் கணு அடைப்பாக இருக்கும்படி விட்டு வெட்ட வேண்டும். ஊதும் காற்று அந்த அடைப்பில் முட்டித் திரும்பினால்தான் ஓசை கனமாக வரும். நீளம் குறையக் குறைய ஓசை ஏறும். கொஞ்சம் கூடுதலாகத் தேய்த்துவிட்டால் போச்சு, மூங்கிலை இழுத்து நீட்ட முடியாது. தோட்டத்தில் மிளகுக் கொடிப் பக்கமே வேலைக்குப் போகாமல், போனில் சுருதி பார்த்துப் பார்த்துத் தேய்த்தேன். விரலெல்லாம் சிராய்ப்பு.

கண்காட்சிக்கு முந்தின நாள் கடைக்குப் போய்விட்டு வந்து ஊதிப் பார்க்கிறேன், கீச்சென்று மெலிதாக ஏதோ வருகிறது. திருப்பி உள்ளே பார்த்தால் அந்தப் பக்கம் வெளிச்சம் தெரிகிறது.

“ஏனுங்க, இதை என்ன பண்ணுனீங்க?”

“எல்லாம் அடைச்சிருந்துச்சு புள்ள. கம்பியக் காய வெச்சுக் குத்தி உட்டேன்” என்றார், நான் மெச்சுவேன் என்று நினைத்து.

ஊற்றுத் தண்ணீரைத் தோட்டங்காட்டுக்குக் கொண்டுவர இங்கே மூங்கிலைக் கணுக் குத்தித்தான் குழாயாகப் போடுவார்கள். அடைத்த மூங்கிலைக் கண்டால் இவர் கை சும்மா இருக்காது.

“தண்ணியே போவாத மூங்கில்ல காத்து எப்படிப் போவும்?” என்று என்னையே கேட்டார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காற்று எங்கே முட்டுகிறது, ஏன் திரும்புகிறது என்று பாடம் நடத்துகிற மாதிரியே திட்டித் தீர்த்தேன். மகள், “நான் போகல” என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். இவர் முகம் சுண்டிப்போனது. அதைப் பார்க்க இன்னும் எரிச்சல்.

வேறு வழி? மரவள்ளிக் கிழங்கைச் சீவி ஒவ்வொரு குழலுக்கும் அடியில் அடைத்தேன். சுருதி ஒருமாதிரி நின்றது. அவளைக் கெஞ்சிக் கூத்தாடிக் கிளப்பினேன்.

மறுநாள் கண்காட்சியைப் பார்க்க வந்த ஆசிரியர், “அடியில் ஏம்மா கிழங்கு?” என்று கேட்டார். நான் பதறிப்போய் வாயெடுக்குமுன் மகள் ஒரு குழலை எடுத்து ஊதினாள். கிழங்கைப் பிடுங்கிவிட்டு மறுபடி ஊதினாள்.

“அடைச்சா காத்து போயி முட்டித் திரும்பணுங்க சார், அதனால ஓசை கீழ இருக்குது. தொறந்தா, அதே நீளந்தான், ஆனா ஒரு ஸ்தாயி மேல போயிருதுங்க.”

அத்தனை பேர் முன்னால், குரல் நடுங்காமல் சொன்னாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

எனக்குப் பின்னால் நின்றிருந்த இவர் பக்கத்திலிருந்தவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: “அந்த ஓட்டை நான் போட்டதுங்க.”