பன்னிரண்டாம் எண் பொட்டலம்

பதுளையில் டாக்டர் தேவதாசனின் டிஸ்பென்சரியில் மருந்து கட்டிக் கொடுத்துவந்தவள் ஜெபமலர். தெமோதரைத் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்திலிருந்து படித்து வந்தவள். 1979இல் டாக்டர் ஒரு சோதனையைத் தொடங்கினார். சாப்பாட்டுக்கு முன் குடித்தால் வயிற்றில் ஊதிப் பசியைக் குறைக்கும் என்று சொல்லப்பட்ட ஒரு நார்த்தூள். உடல் பருத்த இருபது பெண்களில் பாதிப் பேருக்கு அந்தத் தூள். மீதிப் பேருக்கு வறுத்த அரிசி மா. யாருக்கு எது என்ற பட்டியல் ஜெபமலரிடம் மட்டுமே இருந்தது. சோதனை முடியும்வரை டாக்டரும் அதைப் பார்ப்பதில்லை என்று ஏற்பாடு.

பன்னிரண்டாம் எண் மர்லியா, புடவைக் கடை ஹாஷிமின் மனைவி. மூன்றாம் வாரம் அவள் மருந்து ஜன்னலருகே வந்து குரலைத் தாழ்த்தினாள்.

“மிஸ்ஸி, எனக்குப் பசி கொஞ்சமும் குறையல்ல. ஊட்டுல எல்லாரும் என்ட தட்டத்தான் பார்க்கிறாங்க.”

அவளுக்குப் போய்க்கொண்டிருந்தது அரிசி மா. ஜெபமலருக்கு மனம் கேட்கவில்லை. அந்த வாரம் நிஜத் தூளைக் கட்டிக் கொடுத்துவிட்டாள். இரண்டு தம்ளர் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று முதல் நாள் எல்லோருக்கும் சொன்னதை மறுபடி நினைவூட்ட வாயெடுத்தாள். இப்போது புதிதாகச் சொன்னால் பொட்டலம் மாறியதோ என்று சந்தேகம் வருமே என்று விட்டுவிட்டாள்.

மர்லியா வழக்கம்போல ஒரு மிடறு தண்ணீரில் விழுங்கினாள். தூள் தொண்டையிலேயே ஊதி அடைத்துக்கொண்டது. ஆஸ்பத்திரியில் எடுத்த பிறகுதான் மூச்சு வந்தது. எடுத்தது என்னவென்று அங்கே யாரும் பார்த்து வைக்கவில்லை.

டாக்டர் பட்டியலைப் பிரித்தார். பன்னிரண்டு: அரிசி மா. மா இப்படி அடைக்காது, வேறொன்றும் தின்னவில்லை என்று மர்லியா சொன்னாலும் அவசரத்தில் எதையோ தின்றிருக்கிறாள் என்று முடிவு கட்டினார். பக்கத்தில் நின்ற ஜெபமலர் பட்டியலை வாங்கி மருந்து அலமாரியில் வைத்துப் பூட்டினாள்.

இருமல் மருந்துக்கு வந்த ஹாஷிமின் தங்கை ஸல்மா, மதினி ஒளித்துத் தின்று மாட்டிக்கொண்டதைச் சிரித்துச் சிரித்துச் சொல்லிப் போனாள். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் நற்கருணை வாங்க எழுந்த ஜெபமலர் பாதியில் திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் காலை டாக்டர் முன்னால் போய் நின்றாள்.

“டாக்டர் ஐயா, பொட்டலத்த மாத்துனது நான்தாங்க. அந்தம்மா பொய் சொல்லல.”

அவர் சோதனையை அன்றே நிறுத்தினார். அலமாரிச் சாவியை வாங்கிக்கொண்டு, மாதக் கடைசியோடு வேலையைவிட்டு நின்றுவிடச் சொன்னார்.

அன்று மாலையே ஜெபமலர் ஹாஷிம் வீட்டுக்குப் போனாள். அவரையும் ஸல்மாவையும் வைத்துக்கொண்டே நடந்ததைச் சொன்னாள். ஹாஷிம் தலையைக் குனிந்துகொண்டார். கஞ்சி குடித்துக்கொண்டிருந்த மர்லியா கோப்பையைக் கீழே வைத்தாள். தொண்டை இன்னும் கம்மியிருந்தது.

“தண்ணி நெறையக் குடிங்கன்னு அண்டைக்கு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே, மிஸ்ஸி.”

கோபித்திருந்தால் தேவலை என்று ஜெபமலருக்கு இருந்தது. மாற்றியது தெரிந்துவிடுமே என்ற பயத்தில்தான் அன்று சொல்லாமல் விட்டாள். அதை மட்டும் அவளால் சொல்ல முடியவில்லை.