மூன்று வரிகளில் எது?

எங்கள் வீட்டில் ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். மாத்திரை அட்டை, கரண்ட் ஆபீஸ் நோட்டீஸ், செல்போனில் வரும் மெசேஜ் எல்லாம் என் கைக்குத்தான் வரும். எட்டாம் வகுப்புக்காரிக்கு அதில் பாதி புரியாது. புரியாத சொல் வந்தால் குரலைக் கொஞ்சம் உயர்த்தி, நிறுத்தாமல் படித்துவிடுவேன். யாரும் மறுகேள்வி கேட்டதில்லை. அந்த வித்தையை நம்பித்தான் அன்று மாமாவோடு அம்பத்தூருக்குக் கிளம்பினேன்.

பருத்திப்பட்டில் அம்மா வேலை செய்த ஃபிளாட்டில் ஒரு பழைய லேப்டாப்பைக் கொடுத்திருந்தார்கள். ஆன் செய்தால் கறுப்புத் திரையில் இரண்டு வரி வெள்ளை எழுத்து வரும். அதோடு சரி. உள்ளே கம்ப்யூட்டரை ஓட்டும் ஓ.எஸ். போய்விட்டது, புதிதாகப் போட வேண்டும் என்றார்கள். போடத்தான் வழியில்லை. சிடி தட்டு வெளியே வராது. பென்டிரைவைச் செருகினால் லேப்டாப் அதைக் கண்டுகொள்ளாது.

மாமா, அம்மாவின் தம்பி, அம்பத்தூரில் ஒரு கல்யாணப் போட்டோ ஸ்டுடியோவில் வேலை பார்த்தார். லைட் பிடிப்பார், ஃபிரேம் போடுவார், கம்ப்யூட்டரைத் திறந்து தூசி தட்டுவார். ஐந்தாவதோடு படிப்பை விட்டவர். ஆனால் ஸ்குரூ டிரைவர் பிடித்தால் கை தடுமாறாது. அவர்தான் வழி கண்டுபிடித்தார். லேப்டாப்பின் ஹார்ட் டிஸ்க்கை மட்டும் கழற்றிக் கடைக் கம்ப்யூட்டரில் மாட்டுவது. அங்கே சிடி டிரைவ் நன்றாக இருந்தது. அதிலிருந்து ஏற்றிவிட்டு, டிஸ்க்கைத் திரும்ப லேப்டாப்பில் வைத்துவிடுவது.

முதலாளி ஆல்பம் கொடுக்கப் பூந்தமல்லி போயிருந்த மத்தியானம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு ஆரம்பித்தோம். கடையின் டிஸ்க்கும் எங்களுடையதும் ஒரே பெட்டிக்குள் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. கடை டிஸ்க்கின் வயரை மட்டும் பிடுங்கி வைத்திருந்தால் பயப்பட ஒன்றுமே இல்லை என்று இன்று எனக்குத் தெரியும். அன்று அது இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

"நீ படிச்சி சொல்லு கண்ணு, நான் அமுக்கறேன்" என்றார் மாமா. எனக்கே அமுக்க ஆசை. விரலை நீட்டினேன். "கைய எடு" என்று தட்டிவிட்டார்.

முதலில் எல்லாம் சுலபமாகத்தான் போனது. பிறகு எந்த டிஸ்க்கில் போட வேண்டும் என்று கேட்டது. மாட்டியிருந்ததோ இரண்டு டிஸ்க், திரையிலோ மூன்று வரி. 74, 78, 387. எங்கள் டிஸ்க்கின் மேல் 80 என்று அச்சடித்திருந்தது. எண்பது எங்கேயும் இல்லை.

"இன்னா போட்டுகீது?"

எண்பதுக்குக் கிட்டத்தில் இருப்பது எழுபத்தெட்டு. "ரெண்டாவது லைன் மாமா" என்றேன், குரலை உயர்த்தி.

"நல்லா பாரு. அமுக்கற லைன்ல இருக்கறது எல்லாம் அழிஞ்சிடும். போன வாரம் எடுத்த ஆவடிக் கல்யாணம் மொத்தமும் கடை டிஸ்க்லதான் கீது. இன்னும் ஆல்பம்கூட போடல. பூட்ச்சின்னா அந்தப் பொண்ணுக்கு இன்னொரு வாட்டியா தாலி கட்டுவாங்க?"

சிரித்துக்கொண்டே அமுக்கினார். ஒரு சின்னக் கட்டம் எழும்பி நின்றது. நீண்ட வாக்கியம். அதில் 'லாஸ்ட்' என்ற ஒரு சொல் மட்டும் எனக்குப் பளிச்சென்று தெரிந்தது. தொலைந்தது. பள்ளியில் அடையாள அட்டையைத் தொலைத்துவிட்டு அந்தச் சொல்லை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவள் நான்.

கட்டத்துக்குப் பின்னால் தெரிந்த வரிகளை மறுபடி பார்த்தேன். அப்போதுதான் ஒவ்வொரு வரிக்கும் முன்னால் ஓர் எண் இருந்ததைக் கண்டேன். முதல் வரிக்கு 0. மற்ற இரண்டுக்கும் 1. ஒரே எண் என்றால் ஒரே டிஸ்க்கின் இரண்டு துண்டாக இருக்குமோ? அப்படியானால் அந்த இரண்டுமே கடையுடையது.

"மாமா, வேணாம். மொதல் லைன்."

"இன்னா பாப்பா, ஆட்டம் காட்ற? தெரியுமா, தெரியாதா?"

தெரியாது என்று சொல்லியிருக்க வேண்டும். அந்தச் சொல்லை அதுவரை நான் வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை. "தெரியும்" என்றேன்.

மாமா என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கட்டத்தை மூடினார். முதல் வரிக்குப் போய் அமுக்கினார். மறுபடி அதே கட்டம், அதே 'லாஸ்ட்'. அதையும் அமுக்கினார்.

திரையில் சதவீதம் ஒவ்வொன்றாக ஏறியது. முன்பின் தெரியாத மணப்பெண் ஒருத்தி தலை முதல் கால்வரை கொஞ்சம் கொஞ்சமாக அழிந்துகொண்டிருப்பதாகவே தோன்றியது. தொண்ணூறு தாண்டும்போது ஷட்டர் மேலே ஏறியது.

"இன்னாய்யா, பொட்டியத் தொறந்து போட்டுகினு கீற? ஆப்பரேஷனா?" என்றபடி முதலாளி உள்ளே வந்தார். உள்ளே மாட்டியிருந்த எங்கள் டிஸ்க்கைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. "எம் மிஷின்லயா கை வெச்ச?"

மாமா நூறு வரும்வரை காத்திருந்து, அணைத்து, எங்கள் டிஸ்க்கைக் கழற்றினார். முதலாளி அவரைத் தள்ளிவிட்டுத் தானே சுவிட்சைப் போட்டார். விசிறி சுற்றியது. திரையில் ஒன்றுமில்லை.

"யாருய்யா அமுக்கினது? இந்தப் பொண்ணா?"

"நாந்தான் மொதலாளி. எல்லாத்தையும் நாந்தான் அமுக்கினேன். அது சொம்மா வேடிக்க பாத்துகினு இருந்துச்சி."

பிறகு திரை வெளிச்சமானது. படங்கள் வந்தன. பட்டுப்புடவையில் அந்தப் பெண் முழுசாக இருந்தாள். முதலாளி திட்டினார், ஆனால் வேலையை விட்டு அனுப்பவில்லை. சாயங்காலம் லேப்டாப்பும் உயிர் பெற்றது. எண்பது என்று அச்சடித்த டிஸ்க்கைக் கம்ப்யூட்டர் எழுபத்துநாலு என்றுதான் காட்டும் என்பது வெகுநாள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது.

அன்று அம்மாவிடம் மூக்கைச் சிந்திக்கொண்டு புகார் சொன்னேன். படித்தது நான், வரியைக் கண்டுபிடித்தது நான். மாமாவோ முதலாளிக்கு முன்னால் எல்லாம் தானே செய்ததாகச் சொல்லி, என் பெயரைத் தட்டிக்கொண்டு போய்விட்டார். ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. அவர் அதைச் சொன்னபோது திரை இன்னும் கறுப்பாகத்தான் இருந்தது என்பது எனக்கு உறைக்கவே இல்லை.